நமது வாசிப்பும் பிறரது பதிவேடும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. புதியதொன்றை வாங்குவதோ, 2022ஆம் ஆண்டில் சில வாரங்களுக்குள் டொலருக்கு 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சரிந்த நாணயத்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தும் நடுத்தர வர்க்கத்துக்கு இலகுவான காரியமன்று. இதன் விளைவாக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமக்குப் பழக்கமான வீடுகள் சிலவற்றில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. கணினியை மாற்ற வசதியில்லாதவர்கள் அதன் இயங்குதளத்தை மாற்றியிருக்கிறார்கள். லினக்ஸ் அவ்வீடுகளிற் குடிபுகுந்திருக்கிறது.

இது வரவேற்கத்தக்க மாற்றமென்பதில் நமக்கு ஐயமில்லை. 1983ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991ஆம் ஆண்டு பின்லாந்தின் மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய மூலக் கட்டளைத் தொகுதியும் இணைந்து வளர்ந்ததே இவ்வியங்குதளம். மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உடன்பாட்டின் கீழ், உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோரின் கூட்டுழைப்பால் அது கட்டப்பட்டது. தனியொரு முதலாளியின் உடைமையாக அது இல்லை. நம் நாட்டவரும் இத்தகைய உழைப்பிற் பங்குகொண்டவர்களே. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின் பின் இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய சஹானா என்னும் திறந்த மூல மென்பொருள், காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைப் பதிவுசெய்யவும் பயன்பட்டது. பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் அது கைகொடுத்தது.

ஆயினும் லினக்ஸை நிறுவி முடித்த கணமே ஒரு கேள்வி எழுகின்றது. இணையத்தைப் பார்ப்பதற்கு எந்த உலாவியைப் பயன்படுத்துவது? வீட்டின் சுவர்களைப் பலர் சேர்ந்து கட்டினார்கள். சன்னலைப் பொருத்துபவர் யார்? இன்று கணினியின் முன் அமரும் சாதாரண மனிதர் செய்யும் வேலைகளிற் பெரும்பங்கு இந்தச் சன்னலின் வழியாகவே நடைபெறுகின்றது. பத்திரிகை வாசிப்பதும், கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுடன் பேசுவதும், வங்கிக் கணக்குப் பார்ப்பதும், நோயின் பெயரைத் தேடுவதும், அரசாங்கப் படிவம் நிரப்புவதும் அதன் வழியே. அந்தச் சன்னல் விளம்பர வியாபாரியின் சொத்தாக இருக்குமானால், சுவர் பொதுவுடைமையாக இருந்து பெரும்பயன் யாது?

இக்கேள்வியை நாம் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் எடுத்துரைத்தபோது அவர் சிரித்தார். அவரது பழைய மடிக்கணினிக்கு லினக்ஸை நிறுவிக் கொடுத்த நாள் அது.

"தம்பி, நான் பேப்பர் வாசிக்கிறன், தேவாரம் கேக்கிறன், மகளோட கதைக்கிறன். இதில மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

"மறைக்க ஒண்டும் இல்லை, ரீச்சர். ஆனா நீங்கள் என்ன வாசிக்கிறியள் எண்டு ஆரோ ஒருத்தர் எழுதி வைச்சுக்கொண்டே இருந்தா?"

சிறிது நேரம் அவர் பேசவில்லை. 1983ஆம் ஆண்டில் அவர் குடியிருந்தது வெள்ளவத்தையில். பின்பு சொன்னார்: "லிஸ்ட் எழுதினவன் நல்லவன்தான் தம்பி. வீட்டுக்கு வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனவன். லிஸ்டோட வந்தவங்கள் வேற ஆக்கள்."

அவர் குறிப்பிட்டது வாக்காளர் இடாப்பை. 1983 யூலை 24ஆந் திகதி இரவு தொடங்கிக் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பதைப் பலர் சாட்சியமாகக் கூறியுள்ளனர். குடிமகன் தன் வாக்குரிமையைப் பயன்படுத்த வேண்டுமென்பதற்காக எழுதப்பட்ட இடாப்பு அது. எழுதியவரின் மனத்தில் தீய எண்ணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. வீதியும் இலக்கமும் பெயரும் ஒரே தாளில் ஒழுங்காக இருந்தமையே போதுமானதாயிற்று.

அதற்குப் பின்னும் பட்டியல்கள் நம்மை விட்டகலவில்லை. போர்க்காலத்தில் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்குவோர் விபரத்தைப் பொலிஸிற் பதிய வேண்டியிருந்தது. விடுதி நடத்துவோர் பதிவேடு வைத்திருந்தனர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி வைகறையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கு வந்தவரும், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவரும், வேலை தேடி வந்தவரும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. சில தினங்களில் அன்றைய பிரதமரும் வருத்தம் தெரிவித்தார். என்றாலும் நள்ளிரவிற் கதவு தட்டப்பட்டவர்களுக்கு அவ்வருத்தம் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

பட்டியல் எல்லாம் தீயது என்று நாம் கூறவில்லை. சஹானாவில் இருந்ததும் பட்டியலே. காணாமற்போனோரைத் தேடியவர்களுக்கு அது துணைநின்றது. பட்டியல் எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படும் என்னும் உறுதியை எவராலும் தர முடியாது என்பதே நாம் சொல்ல விரும்புவது. உலக வரலாறும் இதையே காட்டுகின்றது. ஜெர்மானியர் ஒல்லாந்தைக் கைப்பற்றியபோது, நிருவாக வசதிக்காகச் சீராகப் பேணப்பட்டுவந்த குடிசனப் பதிவேடுகள் யூதரைத் தேடிப்பிடிக்கும் கருவிகளாயின. அதனாலேயே 1943 மார்ச் 27ஆந் திகதி இரவு எதிர்ப்பியக்கத்தினர் அம்ஸ்டர்டாம் நகரின் பதிவகத்துக்குத் தீ வைத்தனர். நமது காலத்திலோ, 2013ஆம் ஆண்டு எட்வேர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய ஆவணங்களிலிருந்து வேறொன்று தெரியவந்தது. கூகுள் நிறுவனம் தன் பயனரை இனங்காண உலாவிகளில் இட்டுவைத்த குக்கி என்னும் சிறு அடையாளக் குறிப்பை, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் தான் குறிவைத்தவர்களைத் தொடர்வதற்குப் பயன்படுத்தியிருந்தது. எழுதியவர் வியாபாரி, எடுத்துச் சென்றவர் ஒற்றர்.

உலாவி எழுதும் பட்டியல் வாக்காளர் இடாப்பைக் காட்டிலும் விரிவானது. எந்தப் பக்கத்தை எப்பொழுது திறந்தோம், எவ்வளவு நேரம் நின்றோம், எங்கிருந்து எங்கு தாவினோம் என்பனவெல்லாம் அதில் அடங்கும். முகவரிப் பட்டையில் நாம் தட்டும் எழுத்துக்கள், சொல் முடியுமுன்னரே, பரிந்துரை தருவதற்கென்று தேடற் பொறிக்கு அனுப்பப்படுவதுண்டு. ஒருவர் "மார்பில் கட்டி" என்றோ, "அகதி விண்ணப்பம்" என்றோ எழுதத் தொடங்கி மனம் மாறி அழித்துவிட்டாலும், எழுதிய அளவு போய்ச் சேர்ந்திருக்கக்கூடும். மறைவுச் சாளரம் என்று ஒன்று உண்டே என்பர் சிலர். அது நம் வீட்டாரிடமிருந்து வரலாற்றை மறைக்குமேயன்றி, தளங்களிடமிருந்தோ இணைய சேவை வழங்குநரிடமிருந்தோ மறைக்காது. குரோம் உலாவியின் மறைவுச் சாளரம் குறித்து 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கின் இணக்கத்தில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டது. அழிக்க ஒப்புக்கொண்டதென்றால், அதுவரை அவை இருந்தன என்பது பொருள்.

இனி, திறந்த மூலம் என்ற ஒன்றே நம்மைக் காக்குமா என்பதைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான உபுண்டு 12.10 பதிப்பில், பயனர் தன் சொந்தக் கணினியிலுள்ள கோப்பைத் தேடினாலும் அத்தேடற்சொல் கனோனிக்கல் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று, அமேசன் பொருள்களின் விளம்பரத்துடன் திரும்பியது. வேவு மென்பொருள் என்று ஸ்டோல்மனே அதனைக் கண்டித்தார். 2016ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு, டெபியனில் வழங்கப்பட்ட குரோமியம் உலாவி, குரலைக் கேட்டுணரும் மூடிய கூறொன்றைப் பயனரிடம் கேளாமலே இறக்கிக்கொண்டது கண்டுபிடிக்கப்பட்டது; எதிர்ப்பின் பின் அது நீக்கப்பட்டது. திறந்த மூலத்தின் சிறப்பு இதிலிருந்து புலனாகும். அது தவறே நேராத உலகமன்று. தவறு நேரும்போது வாசித்துக் கண்டுபிடிக்கவும், உரத்துச் சொல்லவும், திருத்தி வேறொன்று செய்யவும் ஆட்கள் இருக்கும் உலகம். வாசிக்க எவரும் இல்லாதபோது, திறந்த நூலும் மூடிய நூலும் ஒன்றே.

லினக்ஸில் கிடைக்கும் உலாவிகளை இக்கண்ணோட்டத்தில் நோக்குவோம். குரோம் மிகப் பரவலானது. அதன் அடிப்படையான குரோமியம் திறந்த மூலமாயினும் குரோம் அவ்வாறன்று. அதன் உடைமையாளரின் பிரதான வருமானம் விளம்பரம். தன் நீட்சி விதிகளை அது மாற்றியதன் விளைவாக, யூபிளொக் ஒரிஜின் என்னும் புகழ்பெற்ற விளம்பரத் தடுப்பான் 2024, 2025ஆம் ஆண்டுகளில் அதில் இயங்காது போயிற்று. பிரேவ் தன்னைத் தனியுரிமையின் காவலனாக அறிமுகப்படுத்திக்கொள்வது. திறந்த மூலமும் ஆகும். ஆனால் 2020ஆம் ஆண்டு, பயனர் தட்டிய சில முகவரிகளின் ஈற்றில் தனக்குத் தரகு கிடைக்கும் குறியீட்டை அது சேர்த்துவந்தது வெளியானது. நிறுவனத் தலைவர் அதனைப் பிழையென ஒப்புக்கொண்டார்.

பயர்பொக்ஸ் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளுடன் வருவது. 2022ஆம் ஆண்டு முதல், ஒரு தளம் இட்ட குக்கியை இன்னொரு தளத்தில் வாசிக்க இயலாதவாறு தனித்தனியே அடைத்து வைக்கும் முறையை அது எல்லாப் பயனருக்கும் இயல்பாக வழங்குகின்றது. எனினும் அதனை வெளியிடும் மொசில்லாவின் வருமானத்தில் மிகப் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடற் பொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணமாகும். 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமொன்று கூகுளைச் சட்டவிரோத ஏகபோகம் எனத் தீர்ப்பளித்தபோதும், 2025 செப்ரெம்பரில் வழங்கிய பரிகாரத் தீர்ப்பில் இத்தகைய கொடுப்பனவுகளை முற்றாகத் தடைசெய்யவில்லை. 2025 பெப்ரவரியில் மொசில்லா, பயனர் தரவை ஒருபோதும் விற்கமாட்டோம் என்ற தன் பழைய வாக்குறுதியை வினாவிடைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. விற்பனை என்னும் சொல்லுக்குச் சில இடங்களின் சட்டங்கள் தரும் விரிந்த பொருளே காரணமென விளக்கியது. புதிய நிபந்தனைகளின் வாசகத்தையும் சில நாட்களுள் திருத்தியது. காவற்காரனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார் என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரனுக்கு உண்டு. இதனாற் பயர்பொக்ஸைக் கைவிட வேண்டுமென்பது நமது முடிபன்று. பெருமூலதனத்தின் நடுவே பொதுநலன் நாடும் நிறுவனம் எவ்வளவு குறுகிய இடத்தில் மூச்சுவிடுகிறது என்பதை அறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும்.

எவருமறியாத உலாவியொன்றைத் தேடிப்பிடித்து நிறுவிக்கொண்டால் தப்பிவிடலாமே என்று இளைஞர் சிலர் கருதுகின்றனர். இங்கேதான் பிரச்சினையின் மற்றொரு முகம் தெரிகின்றது. ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி தன் பெயரையும், இயங்குதளத்தையும், விரும்பும் மொழியையும் சொல்லிவிட்டே கேட்கின்றது. பக்கம் திறந்ததும், திரையின் அளவு, நேர வலயம், நிறுவப்பட்ட எழுத்துருக்கள் ஆகியவற்றையும் தளம் அறிந்துகொள்ள முடியும். 2010ஆம் ஆண்டு எலெக்ட்ரோனிக் புரொன்ரியர் பவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வில், பரிசோதனைக்கு வந்த உலாவிகளில் நூற்றுக்கு 83க்கும் மேற்பட்டவை இத்தகைய விபரங்களைக் கொண்டே தனித்து இனங்காணக் கூடியனவாயிருந்தன. பெயரும் தேவையில்லை, குக்கியும் தேவையில்லை.

இதை நமது நிலையில் வைத்துப் பாருங்கள். லினக்ஸ் பாவிப்போர் நூற்றில் ஒரு சிலர். அவர்களுள் நேர வலயம் "ஏசியா/கொழும்பு" என்று காட்டுவோர் மிகச் சிலர். அவர்களுள்ளும் தமிழை முதல் மொழியாகக் கேட்கும் உலாவி உடையோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். அதன் மேல், பத்தாண்டுப் பழமையான கணினியின் திரையளவும் யாரும் கேள்விப்படாத உலாவியின் பெயரும் சேருமாயின், கூட்டத்தின் நடுவே கொடியேந்தி நிற்பதுபோலாகும்.

சோதனைச் சாவடிகளின் காலத்தை வாழ்ந்து கடந்த நமக்கு இது புதிய செய்தியன்று. அடையாள அட்டையில் இருந்த தமிழ் எழுத்தும், பிறந்த இடத்தின் பெயருமே ஒருவரை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தப் போதுமானதாயிருந்தன. ஆகவே, உலாவியின் மொழிப் பட்டியலில் இருந்து தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்று ஒருவர் சொன்னால், அதனை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் தமிழிற் பேசாதே என்று பிள்ளைகளை அடக்கிய தாய்மார் இந்நகரில் எத்தனை பேர்! அவர்கள் கோழைகளல்லர். ஆனால் அந்த அடக்கத்தின் விலையையும் நாம் அறிவோம். தமிழில் பக்கம் கேட்பவர் எவருமில்லையெனில், தமிழில் பக்கம் கொடுக்க வேண்டிய தேவை எவருக்கும் தோன்றாது. அரசகரும மொழியாக ஏட்டில் இருப்பது கணினித் திரையில் இல்லாமற் போகும்.

டோர் உலாவி இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டுகின்றது. பயர்பொக்ஸிலிருந்து உருவாக்கப்பட்ட அது, தன்னைப் பாவிப்போர் யாவரும் வெளியே ஒரே தோற்றத்தில் தெரியுமாறு செய்ய முயல்கின்றது. திரையளவு குறிப்பிட்ட சில அளவுகளாகத் திரட்டப்படும். நேர வலயம் எல்லோருக்கும் ஒன்றாகக் காட்டப்படும். பக்கங்களை ஆங்கிலத்திற் கேட்பதாகக் காட்டவும் வசதியுண்டு. பாடசாலைச் சீருடைபோல என்று சொல்லலாம். அதன் தொழில்நுட்பம் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் தோன்றியதென்பதும், அமெரிக்க அரசின் நிதி அதற்கு நெடுங்காலம் கிடைத்துவந்ததென்பதும் மறைக்கத்தக்கனவல்ல. அது மெதுவாகவே இயங்கும். சில தளங்கள் கதவடைக்கும். நாளாந்த வேலைக்கு அது எளிதன்று. எனினும் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரிலிலும், 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் இந்நாட்டில் முடக்கப்பட்டதை நினைவிற் கொண்டால், அத்தகைய கருவியொன்றைப் பாவிக்கப் பழகி வைத்திருப்பது அவசியமென்றே தோன்றும்.

சட்டம் நம்மைக் காக்காதா? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. மக்கள் இணையத்திற் கூறுவதில் எது தடைசெய்யத்தக்கது என்பதைத் தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அதிகாரமளிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக, சனவரி 24ஆந் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டு அடுத்த மாதமே வலுப்பெற்றது. குடிமகனைக் காக்கும் சட்டம் நடந்து வருகின்றது; குடிமகனின் பேச்சைப் பார்க்கும் சட்டம் ஓடி வந்துவிட்டது. சட்டத்துக்காகப் போராடுவது கடமை. அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருத்தல் தகாது.

கேட்போருக்கு நாம் சொல்வது இதுதான். நாளாந்த வாசிப்புக்குப் பயர்பொக்ஸ் போதும். அதன் அமைப்புகளில் பின்தொடர்தற் பாதுகாப்பைக் கண்டிப்பான நிலைக்கு மாற்றுங்கள். தேடற் பரிந்துரையையும், பயன்பாட்டு விபரங்களை நிறுவனத்துக்கு அனுப்பும் வசதியையும் நிறுத்துங்கள். யூபிளொக் ஒரிஜினைச் சேருங்கள். அதற்கு மேல் நீட்சிகளைக் குவிக்க வேண்டாம். ஒவ்வொரு அலங்காரமும் நம்மைத் தனித்துக் காட்டும். குரோமில் மட்டுமே ஒழுங்காக இயங்கும் தளங்கள் சில உண்டு. நமது கணக்குள்ள வங்கியொன்றின் தளமும் அத்தகையதே. அவற்றுக்கென்று குரோமியத்தை ஒதுக்கி வைத்து, வேறெதற்கும் அதைத் திறவாதிருங்கள். மருத்துவம், சட்டம், அகதி நிலை, அரசியல் போன்ற விடயங்களைத் தேடுவதற்கு டோரைப் பழகுங்கள். தமிழை உலாவியின் மொழிப் பட்டியலில் வைத்திருப்பதா என்பது அவரவர் நிலையறிந்து முடிவுசெய்ய வேண்டியது. வைத்திருப்போர் தொகை பெருகப் பெருக, வைத்திருப்பதன் ஆபத்துக் குறையும்.

இந்தக் கடைசி விடயம் தனிமனிதர் தம் அறைக்குள் இருந்து செய்து முடிக்கக் கூடியதன்று. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகத் தம்மை மறைத்துக்கொண்டால் ஆயிரம் பேரும் தனித்தனியே தெரிவர். ஆயிரம் பேரும் ஒரே உலாவியை ஒரே விதமாக வைத்திருந்தால் ஒருவரும் தெரியார். 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் நூலகம் நடத்துகிறது. அத்தகைய நூலகங்களும், பாடசாலைகளின் கணினிக் கூடங்களும், பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவிக் கொடுக்கும் காலி வீதிக் கடைகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, தமிழிடைமுகத்துடன் கூடிய ஒரே அமைப்பை எல்லா இயந்திரங்களிலும் வைக்குமாயின், அது செலவில்லாத காரியம். மூலநிரலை வாசிக்கத் தெரிந்த நம் இளைஞர் சிலர் ஆண்டுக்கொருமுறை அதனைப் பரிசோதித்துத் தமிழில் அறிக்கை எழுதுவாராயின், அது செலவின்றிக் கிடைக்கும் காவல். முதலில் ஒரு கடை தொடங்கட்டும்.